வேட்டைக்கென்று எடுத்து வைத்த குண்டு

வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவனிடம் முதலாளி "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டு, அவன் "தெரியாது" என்று பதில் சொன்னதாக இதுவரை தகவல் இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா? தெரியும். ஒட்டகத்துக்கு ஊசி போடத் தெரியுமா? தெரியும். விசா செல்லுபடியாகிற வரைக்கும் நமக்கு எல்லாமே தெரியும். என்ன தெரியாது என்பது வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியவரும். (அதற்குள் முதலாளி கேட்டதை மறந்திருப்பார் என்பது நம் நம்பிக்கை. சில முதலாளிகளுக்கு ஞாபகசக்தி அதிகம்.)

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி: "துப்பாக்கி தெரியுமா?"

நான் அப்போது அபுதாபி முசஃபாவில், அலுமினியமும் கண்ணாடியும் வெட்டி மாட்டுகிற ஒரு கம்பெனியில் எஸ்டிமேஷன் இன்ஜினீயர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு ஜன்னல் வேண்டும் என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொல்லுகிற உத்தியோகம். துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது என்சிசியில் இருந்ததுதான். அதில் நான் சேர்ந்ததே பரேடு முடிந்ததும் கொடுக்கிற பூரி கிழங்குக்காக. ஒரே ஒரு கேம்ப்பில் குப்புறப் படுக்கவைத்துச் சுடச் சொன்னார்கள். நான் சுட்டது பக்கத்தில் படுத்திருந்தவனின் அட்டையில் போய்ப் பட்டு, அவனுக்குப் பரிசு கிடைத்தது. ஆனாலும் என் பயோடேட்டாவில் "ரைஃபிள் பயிற்சி பெற்றவர்" என்று ஒரு வரி இருந்தது. பக்கம் நிரம்பவில்லை, வேறென்ன செய்ய?

அந்த வரியை உலகத்தில் ஒரே ஒருவர் படித்திருக்கிறார். அவர்தான் எங்கள் அர்பாப்.

அர்பாப் என்றால் முதலாளி. வெள்ளை வெளேரென்று சுருக்கமே இல்லாத கந்தூரா அங்கி, தலையில் துணி, அதன்மேல் கறுப்பு வளையம், நல்ல உயரம், நல்ல மனசு, கெட்ட பொறுமை. அரபி, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் பிசைந்த ஒரு கதம்பச் சாதத்தில்தான் எங்கள் பேச்சு நடக்கும். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். அங்கங்கே பருப்பு தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் கூப்பிட்டு போனில் ஒரு படம் காட்டினார். புத்தம்புது துப்பாக்கி. ஆனால் பழைய ரகம். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் குத்திக் கெட்டித்து, ஒருமுறை சுட்டதும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியின் பணக்காரச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு குளிர் தேசத்தில், மலை ஆடு வேட்டைக்கு இந்த ரகத் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அர்பாப்பும் அவருடைய மைத்துனர் ஹமதும் லைசென்ஸ் எல்லாம் வாங்கிப் புறப்படத் தயாராக இருந்தார்கள்.

"துப்பாக்கி, சுடப் பழகுற கிளப்புல இருக்கு. அதுக்குக் குறி சேர்க்கணும். நீ பயிற்சி எடுத்தவன்தானே?"

குறி சேர்ப்பது என்றால், கண் பார்க்கிற இடத்திலேயே குண்டும் போய்ப் படுகிற மாதிரி துப்பாக்கியைச் சரிசெய்வது. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

"தெரியும் அர்பாப்," என்றேன்.

"ஏன் நான் போகலன்னு கேக்கமாட்டியா?"

"கேக்கமாட்டேன் அர்பாப்."

அவரே சொன்னார். ஹமதும் அதே கிளப்பில் உறுப்பினர். வருஷா வருஷம் ஹமத் வேட்டைக்குப் போய் ஒரு ஜோடிக் கொம்பு கொண்டுவந்து, விருந்தினரை உட்காரவைக்கிற மஜ்லிஸ் கூடத்துச் சுவரில் மாட்டுவார். அர்பாப் போய்விட்டுக் கம்பளியும் தேனும் வாங்கிக்கொண்டு வருவார். இந்த வருஷம் அர்பாப் ஒரு முடிவோடு இருந்தார். புறப்படுவதற்கு முந்தின வாரம் கிளப்பில் குடும்பத்தோடு ஒரு காலைச் சாப்பாடு. அதில் எல்லோர் முன்னாலும், "இந்தத் துப்பாக்கியை நான் தொட்டதே இல்லை" என்று சொல்லி எடுத்து, அங்கே குறிக்கென்று நிறுத்தியிருக்கிற இரும்பு ஆட்டை முதல் குண்டிலேயே அடிக்க வேண்டும். அதற்கு யாராவது ரகசியமாகப் போய்த் துப்பாக்கியைத் தயார்செய்து வைக்க வேண்டும்.

"அர்பாப்," என்று நான் மெதுவாக இழுத்தேன். "என் லீவு..."

இங்கேதான் என் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பெண் வீட்டில் பந்தக்கால் ஊன்றத் தேதியும் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. ஒரு பெரிய கட்டடத்துக்குக் கண்ணாடி முடித்துக் கொடுக்கிற நேரம். யாருக்கும் லீவு மாஃபி, அதாவது கிடையாது, என்று அர்பாப் சொல்லியிருந்தார்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துப்பாக்கி சரியா இருந்தா லீவு. இல்லன்னா மாஃபி. ஹலாஸ், அவ்வளவுதான்."

என் கல்யாணம் ஓர் இரும்பு ஆட்டின் கையில் போய்விட்டது.

அன்று சாயங்காலம் உமாவிடம் சொன்னேன். (உமா அப்போது நிச்சயித்த பெண். வீடியோ காலில் மட்டும் சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம்.)

"துப்பாக்கியா? உங்களுக்கா?" என்றாள். "போன மாசம் வீட்டுல பல்லி வந்துட்டுன்னு பக்கத்து ஃப்ளாட்டுக்காரரைக் கூப்பிட்டதாச் சொன்னீங்களே."

"அது வேற உமா. பல்லி அசையும். இது இரும்பு ஆடு."

"இந்தா பாருங்க, ஒழுங்கா வந்து சேருங்க. நீங்க வரலன்னா உங்க போட்டோவ மணவறையில வச்சு நானே தாலி கட்டிக்கிடுவேன்னு நெனைக்காதீங்க. அந்த போட்டோவும் நல்லா இல்ல."

எனக்குக் கார் லைசென்ஸ் கிடையாது. கிளப் ஊருக்கு வெளியே மணல் நடுவில் இருந்தது. ஆகவே சாகுல் காக்காவைப் பிடித்தேன். காக்கா காயல்பட்டினத்துக்காரர். (அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.) எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே போன் கடை வைத்திருந்தார். விற்காத போனே கிடையாது, கொடுக்காத யோசனையும் கிடையாது. போன் ரிப்பேரானால்தான் கடைக்குப் போவோம். யோசனை நாம் கேட்காமலே வரும்.

பிக்கப்பில் போகும்போது என் மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அர்பாப் கொடுத்தது. "இதுதான் மலையில சுடப்போற குண்டு. இதை வச்சே குறி சேரு," என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். பாதி வழியில் திறந்து பார்த்தேன். உள்ளே பஞ்சு மெத்தை. ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனிக் குழி. தங்க நிற உடம்பு, மூக்கு நுனியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த மாதிரி அடக்கமாக இருந்தன.

காக்கா எட்டிப் பார்த்து பிரேக் போட்டார்.

"தம்பி, இதையா கொண்டுபோயி மண்ணுல சுடப்போறீங்க?"

"அர்பாப் அப்படித்தான் சொன்னார் காக்கா."

"அவரு பணக்காரரு, சொல்லுவாரு. நமக்கு எங்க போச்சு புத்தி? என் கடையில ஷோகேஸ்ல இருக்குற போனையா கஸ்டமர் கையில குடுக்குதேன்? தடவிப் பாக்கதுக்குன்னு ஒரு பழைய பீஸ் வச்சிருக்கேன்லா? நல்ல சரக்க நல்ல நாளைக்கு வைக்கணும் தம்பி. டெஸ்டிங்குக்கு ஏதாவது சாதா குண்டு இருக்கான்னு கேளுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். என் வளர்ப்பு அப்படி. எங்கள் வீட்டில் ஒரு பொருள் நல்லதாக இருந்தால் அது உபயோகத்துக்கு இல்லை என்று அர்த்தம். பூப்போட்ட டின்னர் செட் ஒன்று வந்தது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பரணுக்குப் போனது. விருந்தாளிகள் வந்தார்கள். "இவங்களுக்குப் போயி எதுக்கு?" என்று அம்மா எவர்சில்வரிலேயே பரிமாறினாள். அந்தத் தட்டுக்குத் தகுதியான மனிதன் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சோபா வாங்கியபோது அப்பா பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க விடவில்லை. சித்திரை மாதத்தில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் தனியாக உரிகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். இப்படி வளர்ந்தவன் கையில் பஞ்சு மெத்தையில் படுத்திருக்கிற குண்டைக் கொடுத்து, மணலில் சுடு என்றால் எந்தக் கை எழும்பும்?

அதோடு எனக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. கடைசியில் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்து, "ஒன்றைக்கூட வீணாக்கவில்லை அர்பாப்" என்று சொன்னால், அவர் கண்கலங்கி லீவோடு இன்கிரிமென்ட்டும் தருவார் என்று ஒரு காட்சி மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கிளப்பில் எங்களுக்குக் குல் பாய் என்றொருவர் காவல். பெஷாவர்க்காரர், மருதாணி போட்ட தாடி. அங்கே யாரும் யாரையும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் டூட்டி. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, துப்பாக்கி வாய் எப்போதும் முன்னால். இது மூன்றும் சரியாக இருந்தால் குண்டு எங்கே போகிறது என்பது நம் சொந்த விஷயம். சாதா குண்டு கேட்டேன். புதிதாகப் பழக வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த ஈய உருண்டைகளை ஒரு டப்பாவில் எடுத்து வந்தார். பார்க்க அசல் கோலிகுண்டு.

மருந்து கெட்டிக்க குல் பாய் சொல்லித்தந்தார். அந்தக் கறுப்பு மருந்தும் அர்பாப்புடையதுதானே என்று நினைத்து, குழந்தைக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி கொஞ்சமாகப் போட்டேன். கோலியை உள்ளே தள்ளினேன். மேஜைமேல் மணல் மூட்டை, அதன்மேல் துப்பாக்கி, அதன்மேல் நான். தூரத்தில் ஓர் இரும்பு ஆடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்டுக்குப் பின்னால் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில், ஆட்டின் தலைக்கு நேர் மேலே, இது ஏழாவது வரிசை என்று காட்டுகிற நம்பர் பலகை.

சுட்டேன்.

புஸ் என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. அப்படியே தீபாவளி விடிகாலை வாசனை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (பாதி ஊர் ஞாபகம், பாதி கந்தகம்.) புகை விலகியதும் பார்த்தால், குண்டு ஆட்டுக்கு வெகு முன்னாலேயே மண்ணில் விழுந்திருந்தது. ஆடு மேய்வதற்குப் போட்ட மாதிரி.

இதற்கு வைத்தியம் சுலபம். துப்பாக்கியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஸ்க்ரூவைத் திருகித் தகட்டை உயர்த்தினால் குண்டு உயரப் போய்ப் படும். உயர்த்தினேன். ஆட்டின் குளம்பு. இன்னும் உயர்த்தினேன். முட்டி. தகடு நிமிர்ந்து நிமிர்ந்து, கடைசியில் ஸ்க்ரூ திரும்ப மாட்டேன் என்று சொன்ன இடத்தில், தூரத்தில் இருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது.

கோயில் மணி கூட அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை. மறுபடி சுட்டேன். டிங். மறுபடி. டிங்.

பின்னால் உட்கார்ந்திருந்த காக்கா, கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கை தட்டினார். "தம்பி, கல்யாணச் சாப்பாட்டுல எனக்கு முதல் பந்தி!"

தங்கக் குண்டில் ஒன்றைக்கூடத் தொடாமலே பெட்டியைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கிளப்பிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்தோம். அர்பாப்பிடம் "குறி சேர்ந்தாச்சு, மணி அடிக்குது" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். அந்த ராத்திரியே உமாவுக்குச் செய்தி போட்டேன்: "மாப்பிள்ளை ரெடி. மணவறையில் போட்டோ வேண்டாம்."

காலைச் சாப்பாட்டுக்குக் குறித்த சனிக்கிழமை வந்தது. பனிக்காலத்துக் காலை வெயில், கிளப் புல்தரையில் கம்பளம், பெரிய தட்டில் ஆட்டுக்கறிச் சோறு, பேரீச்சம்பழம், ஃபிளாஸ்க் ஃபிளாஸ்காகக் காபி. அர்பாப்பின் குடும்பமும் ஹமதின் குடும்பமும் உட்கார்ந்திருந்தன. ஹமத் குண்டான மனிதர். சிரிப்பதற்கென்றே அல்லா படைத்த வயிறு. நான் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுக்கிற ஆளாக நின்றேன். என்னைக் கொண்டுவந்து விட்ட காக்கா, சாப்பாட்டைப் பார்த்ததும் திரும்பிப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டார்.

அர்பாப் எழுந்தார். கந்தூராவின் கையை மடித்துவிட்டார். "ஹமத், இந்தத் துப்பாக்கியை நான் இன்னைக்குத்தான் கையிலே எடுக்கிறேன். பாத்துக்கோ."

வேட்டைக்கென்று சின்னச் சின்னக் குழாய்களில் மருந்தை அளந்து கொண்டுவந்திருந்தார். ஒரு குழாயை அப்படியே துப்பாக்கிக்குள் கவிழ்த்தார். 'அடேயப்பா, எவ்வளவு மருந்து' என்று என் வயிறு எரிந்தது. நான் இதில் நாலு தடவை சுட்டிருப்பேனே! பிறகு கறுப்புப் பெட்டியைத் திறந்து, பஞ்சு மெத்தையில் இருந்து ஒரு தங்கக் குண்டை எழுப்பி உள்ளே போட்டுக் குத்தினார். நான் மனசுக்குள் மங்கள வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

டமார்!

நான் சுட்டபோது வந்தது புஸ். இது வேறு ஜாதி. துப்பாக்கி அர்பாப்பின் தோளில் உதைத்தது. தலையின் கறுப்பு வளையம் எகிறிப் பின்னால் காபித் தட்டில் போய் விழுந்தது. தலைத்துணி முகத்தை மூடியது. புகை எல்லாவற்றையும் மூடியது. நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு அந்த "டிங்" வரக் காத்திருந்தோம்.

வரவில்லை.

புகை விலகியது. ஆடு சௌக்கியமாக நின்றது. அதற்குப் பின்னால், உயர்ந்த மண்மேட்டின் நெற்றியில், புழுதி எழும்பி மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது.

ஹமத் காபியை உறிஞ்சினார். "ஆடு மலையில ஏறிடுச்சுன்னு நெனச்சிட்டியா?"

அர்பாப் மறுபடி கெட்டித்தார். இந்தத் தடவை மூச்சைப் பிடித்து, வெகு நேரம் குறி பார்த்து, ஆட்டின் காலுக்குக் குறிவைத்துச் சுட்டார். டமார்! உடனே தூரத்தில் ஒரு சத்தம். டிங் இல்லை. "பட்." கம்பத்தின் உச்சியில் இருந்த ஏழாம் நம்பர் பலகை ஓர் ஆணியில் தொங்கி, இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டின் முதுகில் விழுந்தது.

"மாஷா அல்லா!" ஹமத் எழுந்துவிட்டார். "நம்பரை வேட்டையாடிட்டே! நல்ல பெரிய ஏழு! கொம்பு இல்லாட்டிப் பரவாயில்ல, அதையே சுவரில மாட்டு!"

குழந்தைகள் உருண்டு சிரித்தன. அர்பாப்பின் வெள்ளைக் கந்தூராவில் நெஞ்சு முழுக்கக் கரி. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். எனக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. அர்பாப்புக்குக் கை நடுங்குகிறது, பாவம், அதனால்தான் தப்புகிறது என்று முழுமனசோடு நம்பினேன். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் சேர்த்துவைத்திருந்த அந்த மகத்தான வாக்கியத்துக்கு இதைவிட நல்ல நேரம் எது? பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனேன்.

"கவலையே படாதீங்க அர்பாப். குண்டு நிறைய இருக்கு. நான் அன்னைக்கு ஒண்ணக்கூடத் தொடல! எல்லாத்தையும் உங்களுக்குன்னு பத்திரமா வச்சிருக்கேன்!"

ஹமத் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தொடலயா?" என்றார் அர்பாப். "அப்போ எதை வச்சுக் குறி சேர்த்தே?"

"சாதா குண்டு அர்பாப். கோலி மாதிரி இருக்கும். மருந்துகூடக் கொஞ்சம்தான் போட்டேன். வீணாப் போகக்கூடாதுல்ல?"

அர்பாப் கண்ணை மூடினார். ஹமத் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஸ்க்ரூவின் எல்லைவரை நிமிர்ந்து நிற்கிற தகட்டைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. குண்டு மாறினால் குறியும் மாறும். கொஞ்சூண்டு மருந்தில் தவழ்ந்து போகிற கோலிக்காக நான் தகட்டை வானத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். அதே தகட்டில் முழு மருந்தோடு வேட்டைக் குண்டைப் போட்டால், அது ஆட்டுக்கு மேலே பறந்து நம்பர் பலகையைத்தான் தேடிப் போகும்.

"ஏன்?" என்று அர்பாப் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல். "நான் இதை வச்சே சேருன்னு சொன்னேனே. ஏன்?"

காக்கா கறிச்சோற்றுக் கையோடு எழுந்து எனக்காக வாதாடினார்.

"அர்பாப், எங்க ஊருல அப்படித்தான். நல்ல சாமானை யாரும் தொடமாட்டாங்க. தட்டு வாங்குனா மேல வச்சிடுவாங்க. சோபா வாங்குனா கவரோடதான் உக்காருவாங்க. இவங்க மேல தப்பு இல்ல. இவங்க வீட்டுல கவரோட வளத்துட்டாங்க."

ஹமத் முதலில் தோளால் சிரித்தார். பிறகு வயிற்றால். பிறகு கம்பளத்தில் உட்கார்ந்து, படுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவரோட! சோபா கவரோட!" என்று தன் மனைவியிடம் அரபியில் மொழிபெயர்த்து, அங்கிருந்து இன்னொரு அலை கிளம்பியது.

அர்பாப் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரு. இந்தக் குண்டை வச்சுச் சேரு. இப்போ. எல்லார் முன்னாலயும். சரியாகலன்னா லீவு மாஃபி."

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்தது துப்பாக்கிச் சூடு என்று மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது முகூர்த்தப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மீன் கழுவுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தங்கக் குண்டையும் பஞ்சில் இருந்து எடுக்கும்போது விரல் ஒட்டிக்கொண்டது. தகட்டை இறக்கு, கெட்டி, சுடு. தோளில் ஓர் உதை, முகத்தில் ஒரு கரிப்பூச்சு, நெஞ்சில் ஒரு வலி. ஒவ்வொரு டமாருக்கும் நான் "ஐயோ" என்பேன். ஹமத் பின்னாலிருந்து என்னைப் போலவே "ஐயோ" என்பார். மூன்றாவது டமாருக்குள் குழந்தைகளும் சேர்ந்து "ஐயோ" போட ஆரம்பித்தன. அந்தக் கிளப்பில் முதன்முதலாக ஒரு தமிழ் வார்த்தை கோரஸாக ஒலித்தது அன்றைக்குத்தான்.

ஆட்டின் தலைக்கு மேலே போனது. கொம்பை உரசிப் போனது. தகட்டை இன்னும் இறக்கினேன். பெட்டியில் குழிகள் காலியாகிக்கொண்டே வந்தன. என் கல்யாணமும் ஒவ்வொரு குழியாகக் காலியாவது போலிருந்தது.

டிங்!

காக்கா "அல்லாஹு அக்பர்" என்றார். நான் "முருகா" என்றேன். ஹமத் பழக்கதோஷத்தில் "ஐயோ" என்றார்.

பெட்டியில் ஒரே ஒரு குண்டு மிச்சம். அர்பாப் வந்து நின்றார். அதை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இதை என்ன செய்யலாம்? சுடலாமா, எடுத்து வைக்கலாமா?"

என் உடம்பில் இருந்த ஒவ்வொரு அணுவும் 'எடுத்து வையுங்க' என்று கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சு... சுடுங்க அர்பாப்," என்றேன். பிரசவ வலியில்கூட யாரும் அப்படி ஒரு வார்த்தையைப் பெற்றிருக்கமாட்டார்கள்.

அர்பாப் கெட்டித்தார். நின்றபடியே சுட்டார். டமார். டிங்.

துப்பாக்கியை குல் பாயிடம் கொடுத்துவிட்டு, கரி படிந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று துடித்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அது.

"துப்பாக்கி சரி. லீவு சரி. வேற பெட்டி நான் வாங்கிக்கிறேன். நீ திங்கட்கிழமையே ஊருக்குப் போ, யல்லா, கிளம்பு. கொஞ்சம் விட்டா உன் பொண்டாட்டியையும் நல்ல நாளைக்குன்னு பெட்டியோட எடுத்து வச்சிடுவே!"

மறுபடி எல்லோரும் சரிந்தார்கள். நான் அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே உமாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். கட் செய்துவிட்டாள். மறுபடி போட்டேன்.

"யாருங்க நீங்க?" என்றாள்.

"நான்தான் உமா! லீவு கெடச்சிட்டு!"

"மூஞ்சி ஏன் அடுப்பாங்கரை மாதிரி இருக்கு?"

நான் கௌரவமாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் காக்கா போனைப் பிடுங்கிவிட்டார். கோலியில் ஆரம்பித்து, சோபா கவர் வழியாக, அர்பாப் கடைசியாகச் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். உமா சிரித்தாள். அவள் சிரித்தது, அவள் அம்மா கேட்டு வந்து சிரித்தது, அப்புறம் என்னவென்று தெரியாமலே பின்னால் யார் யாரோ சிரித்தது எல்லாம் கேட்டது. நான் ஊர்போய்ச் சேர்வதற்குள் என் கதை எனக்கு முன்னால் பெண் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. தாலி கட்டின கையோடு என் மச்சினன் காதருகே வந்து, "அத்தான், இவளை இன்னைக்கே கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல பரண்ல வைக்கட்டுமா?" என்று கேட்டான். ஐயருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அர்பாப் அந்த வருஷம் மலையில் இருந்து ஒரு ஜோடிக் கொம்போடு திரும்பினார். அது அவர் மஜ்லிஸில் சுவர் நடுவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், அதைவிட நல்ல சட்டத்துக்குள், ஹமத் கிளப்பில் கெஞ்சிக் கேட்டு வாங்கி மாட்டிய ஓட்டை விழுந்த ஏழு இருக்கிறது. விருந்தினர்கள் கொம்பைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை. அந்த ஏழாம் நம்பரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லப் போனால் என்னை எழுப்பி நிற்கவைத்து, "இவன்தான்" என்கிறார் அர்பாப்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறவள். போன வாரம் மாமியார் ஊரில் இருந்து வந்தபோது ஓர் அல்வா பொட்டலம் கொண்டுவந்தார். சூடு ஆறாமல் கட்டி, நெய் வெளியே கசிந்துகொண்டிருந்த அசல் திருநெல்வேலி அல்வா. கையில் வாங்கியதுமே என் கால்கள் தாமாகவே ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தன. மகள் வழியை மறித்து நின்றாள். கையில் ஸ்பூன்.

"அப்பா, திஸ் ஒன் இஸ் ஃபார் ஈட்டிங் ஆர் ஃபார் ஹன்டிங்?"

நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் தாயும் மகளும் பாட்டியுமாகப் பாதியைச் சுட்டு முடித்துவிட்டார்கள்.